நிகழ்வு ஆய்வு: திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஆறு கார்டு மைனிங் மெஷின், 2022

பின்னணி

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் நடந்தது இது. மெஷினின் உரிமையாளர் பக்கத்து ஊரில் ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ், ஃபிளெக்ஸ் டிசைன் செய்து தரும் கடை நடத்துபவர். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யத் தெரியும், மைனிங் (கிராபிக்ஸ் கார்டுகளை இரவும் பகலும் கணக்குப் போடவைத்து, கூலியாகக் கிரிப்டோ நாணயம் பெறுவது) புதிது. 2022 ஜனவரி இறுதியில், வெளியூரில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த மெஷினை ஃபிரேமோடு அப்படியே விலை பேசி வாங்கிவந்தார். எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பின் நாணயமான ஈத்தரை எடுப்பதுதான் நோக்கம்.

உள்ளே இருந்தவை: ஏஎஸ்ராக் எச்110 ப்ரோ பிடிசி+ மதர்போர்டு, செலரான் ஜி3930 பிராசசர், 8 ஜிபி ராம், 120 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஆர்எக்ஸ் 580 கார்டுகள் ஆறு, கார்டுகளைத் தள்ளி நிறுத்தி மதர்போர்டோடு இணைக்கும், யுஎஸ்பி கேபிள் வைத்த ரைசர்கள் ஆறு, கம்பெனிப் பெயரே இல்லாத 1,800 வாட் பவர் சப்ளை ஒன்று. விண்டோஸ் 10, டிரைவர், மைனிங் சாஃப்ட்வேர், அதைத் துவக்கும் கட்டளைகள் எழுதிய பேட்ச் ஃபைல் எல்லாம் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தன.

வீட்டை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில் மெஷின் வைக்கப்பட்டது. இரண்டு பக்கமும் வயல். தாளடி அறுவடை நடந்துகொண்டிருந்தது. சம்பா அறுத்த வயல்களில் உளுந்து, சில இடங்களில் பருத்திக்கும் கோடை நெல்லுக்கும் போர்செட் ஓடத் தொடங்கியிருந்தது. பின்னால் வரும் விஷயத்துக்கு இந்தச் சூழல் முக்கியம்.

முதல் மூன்று வாரங்கள்

விற்றவர் வீட்டில் ஆறு கார்டும் ஓடியதை உரிமையாளர் கண்ணால் பார்த்திருந்தார். இங்கே கொண்டுவந்து போட்டதும் நான்கு கார்டுகள்தான் தெரிந்தன. விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினார். இப்போது ஆறும் தெரிந்தன, ஆனால் இரண்டில் 'கோட் 43' (கார்டு வேலை செய்யவில்லை என்ற பிழை) என்று மஞ்சள் முக்கோணம். டிரைவரை நான்கைந்து பதிப்புகள் மாற்றிப் பார்த்தார். இடையில் மைனர் (மைனிங் சாஃப்ட்வேர்) ஃபைலே காணாமல் போனது; விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அதை நீக்கியிருந்தது. திரும்ப இறக்கும் அவசரத்தில், தேடலில் முதலில் வந்த தளத்திலிருந்து ஜிப் ஃபைலை இறக்கினார்.

ஓரளவு ஓடத் தொடங்கிய பிறகு மெஷின் ஒரு நாளில் பலமுறை தானாக நின்று மறுபடி துவங்கியது. சில நேரம் திரை உறைந்து அப்படியே நின்றது. ஹேஷ் வேகமும் (கணக்குப் போடும் வேகம்; ஒரு மெகாஹேஷ் என்றால் விநாடிக்குப் பத்து லட்சம் முயற்சி) கார்டுக்குக் கார்டு தாறுமாறு: ஒன்று 30 மெகாஹேஷ், மற்றவை 12-ஐத் தாண்டவில்லை. ஒரு கார்டு, மைனிங்குக்காகக் கார்டின் மெமரியில் ஏற்ற வேண்டிய டாக் என்ற பெரிய ஃபைலை ஏற்றும்போதே மெமரி போதவில்லை என்று விழுந்தது.

"அண்ணே, எல்லாம் சாஃப்ட்வேர் கோளாறுதான், மைனரை மாத்துனா ஒருநாள் ஓடுது, மறுநாள் நிக்குது" என்று அழைத்துச் சொன்னார். பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் மெஷின் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. வந்தவர்கள் இருவர்: ஒருவர் மைனிங் மெஷின் சரிசெய்பவர், மற்றவர் உள்ளூர் எலக்ட்ரீஷியன்.

கவனித்தவை

முதல் இரண்டு நாள் எதையும் மாற்றவில்லை. வோல்ட், வாட் இரண்டையும் காட்டும் பிளக் மீட்டர் ஒன்றைச் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே மாட்டி, அரை மணிக்கு ஒருமுறை எழுதச் சொன்னார்கள். நடந்ததையெல்லாம் பதிவு செய்யும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் மெஷின் நின்ற ஒவ்வொரு நேரத்தையும் குறித்துக்கொண்டார்கள்.

ஈவென்ட் வியூவரில் இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'கெர்னல் பவர் 41' என்றால் விண்டோஸ் முறையாக மூடப்படாமல் மெஷின் நின்று மறுபடி துவங்கியிருக்கிறது, பெரும்பாலும் கரண்ட் போனதால். 4101 என்றால் டிஸ்ப்ளே டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டிருக்கிறது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: திரை உறைந்ததும் ஆள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் 41-தான் பதிவாகும். அந்தப் பதிவின் விவரப் பகுதியில் பவர் பட்டன் நேரம் பூஜ்யமாக இருந்தால் பட்டன் தொடப்படவில்லை, பெரும்பாலும் கரண்ட்தான் அறுந்திருக்கும். பூஜ்யம் இல்லையென்றால் யாரோ அணைத்திருக்கிறார்கள். இப்படிப் பிரித்ததும், ஒரே கோளாறு என்று நினைத்தது இரண்டாகப் பிரிந்தது. பெரும்பாலானவை பட்டன் தொடாத 41. மிச்சம், உறைந்த பிறகு கையால் அணைத்தவை; அவற்றுக்கு முன்னால் 4101 வரிசையாக இருந்தது.

முதல் வகை நின்ற நேரங்களை வோல்ட் குறிப்போடு பக்கத்தில் வைத்தபோது பதில் தெரிந்துவிட்டது. இரவு 11 மணிக்கு 228 வோல்ட். மும்முனைக் கரண்ட் விட்டு அந்த டிரான்ஸ்பார்மரின் போர்செட்டுகள் எல்லாம் ஓடும் நேரத்தில் 171 முதல் 178 வரை. பவர் சப்ளையின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் உள்ளீடு 180 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. விற்றவர் வீடு டவுனுக்குள். அங்கே வோல்ட் அந்த அளவு இறங்கவில்லை, அதனால் ஓடியது. இங்கே 180-க்குக் கீழே போனதும் பவர் சப்ளை தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. இதில் மைனருக்கோ விண்டோஸுக்கோ எந்தப் பங்கும் இல்லை. மூன்று வாரம் சாஃப்ட்வேரை மாற்றியபோது "ஒருநாள் ஓடியது" என்பதற்குக் காரணம், அன்று வோல்ட் நன்றாக இருந்தது என்பதுதான்.

வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். மெஷின் அப்போது சுவரிலிருந்து 1,050 வாட் இழுத்தது. 230 வோல்ட்டில் அது 4.6 ஆம்பியர், 172 வோல்ட்டில் 6.1 ஆம்பியர். மாட்டியிருந்ததோ 6 ஆம்பியர் சாக்கெட். பிளக்கின் பின்கள் பழுப்பேறியிருந்தன. எர்த் பின்னுக்கு வயரே இழுக்கப்படவில்லை. இரும்பு ஃபிரேமைத் தொட்டால் கை சுரீரென்றது. எலக்ட்ரீஷியன் அந்த நிமிடமே மெஷினை நிறுத்தச் சொன்னார்.

இரண்டாம் வகைக்கு, அதாவது உறைந்து நிற்பதற்கு, வேறு வழி தேவைப்பட்டது. மைனர் மூன்றாம் கார்டைத்தான் ஒவ்வொரு முறையும் சொன்னது. ஆனால் மைனரின் எண்ணும் ஃபிரேமில் கார்டு நிற்கும் வரிசையும் ஒன்றாக இருக்காது. எந்தக் கார்டு என்று கண்டுபிடிக்க அந்த எண்ணின் ஃபேனை மட்டும் 100 சதவீதத்தில் சுற்றவிட்டார்கள். ஃபிரேமில் அது நான்காவதாக நின்றது. அதன் பிறகு அந்தக் கார்டையும் ஓரத்தில் நின்ற இன்னொரு கார்டையும் இடம் மாற்றினார்கள், ரைசர்களை அப்படியே விட்டு. கோளாறு கார்டோடு போகவில்லை. பழைய ரைசரிலேயே தங்கியது. அந்த ரைசரின் சாட்டா பவர் கனெக்டரை (ஹார்டு டிஸ்க்குக்குக் கரண்ட் தரும் வகை) கழற்றியபோது 12 வோல்ட் பின்கள் இருந்த பக்கம் பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தது.

இது கணக்குப் போட்டாலே தெரிவது. சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் வழியாக 12 வோல்ட்டில் 66 வாட் வரை இழுக்க விதி இடம் தருகிறது. ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டுகள் ஸ்லாட்டிலிருந்து தாராளமாகவே இழுப்பவை. இந்த மெஷினில் ஒரே சாட்டா வயரில் மூன்று ரைசர்கள் வேறு தொங்கின. தீப்பிடிக்காமல் இருந்தது அதிர்ஷ்டம்.

மற்றக் கோளாறுகள் இவ்வளவு நேரம் எடுக்கவில்லை. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-ஸீ நிரலை வைத்துப் பார்த்ததில் ஆறில் ஒரு கார்டு 4,096 எம்பி மட்டுமே, ஸ்டிக்கர் பொய். ஈத்தரின் டாக் அப்போது ஏறத்தாழ 4.7 ஜிபி; 4 ஜிபி கார்டில் அது 2020 டிசம்பர் இறுதியிலிருந்தே ஏறாது. கோட் 43 காட்டிய இரண்டு கார்டுகளின் பயாஸ் (கார்டுக்குள்ளேயே பதிந்த அடிப்படை நிரல்), மெமரி வேகத்துக்காகத் திருத்தப்பட்டவை. திருத்திய பயாஸை ஏஎம்டி டிரைவர் ஏற்காது. 12 மெகாஹேஷில் நின்ற கார்டுகளுக்குக் காரணம், கணக்கு வேலைக்கான கம்ப்யூட் மோட் போடாதது. டிரைவர் செட்டிங்கில் இது கார்டுக்குக் கார்டு தனி. உரிமையாளர் முதல் கார்டுக்கு மட்டும் மாற்றிவிட்டு எல்லாவற்றுக்கும் மாறிவிட்டதாக நினைத்திருந்தார்.

இவற்றையெல்லாம் விட அவரை வருத்தியது வேறொன்று. மெஷினோடு வந்த பேட்ச் ஃபைலில் இருந்த, நாணயம் போய்ச் சேரும் வாலட் முகவரி விற்றவருடையது. உரிமையாளர் பூல் (பலர் சேர்ந்து மைனிங் செய்து கூலியைப் பகிரும் தளம்) முகவரியையும் மெஷின் பெயரையும் மாற்றியிருந்தார், நீளமான அந்த எழுத்துச் சரத்தைத் தொடவில்லை. ஓடிய நேரத்துக்கெல்லாம் கூலி அடுத்தவர் கணக்கில் சேர்ந்திருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

பவர் சப்ளைதான் முதலில். ஸ்டெபிலைசர் வாங்கலாம் என்று உரிமையாளர் சொன்னார். சாதாரண ரிலே வகை ஸ்டெபிலைசர் வோல்ட் படி மாறும்போது சில மில்லிசெகண்ட் கரண்டை விட்டு மாற்றும். தரம் குறைந்த பவர் சப்ளை அந்த இடைவெளியைத் தாங்காது. போர்செட் நேரத்தில் வோல்ட் அலைபாயும், ரிலே அடிக்கடி தட்டும். அதனால் பவர் சப்ளையையே மாற்றுவது என்று முடிவானது: 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், 80 பிளஸ் கோல்ட் தரச் சான்று பெற்ற 750 வாட் பவர் சப்ளை இரண்டு. சேர்ந்து துவங்க ஓர் இணைப்பு போர்டு. இதில் தவறவே கூடாத விதி: ஒரு கார்டின் 8 பின் கேபிளும் அந்தக் கார்டின் ரைசருக்குப் போகும் கேபிளும் ஒரே பவர் சப்ளையிலிருந்து வர வேண்டும். அப்படியே மூன்று மூன்றாகப் பிரிக்கப்பட்டன. பழைய பவர் சப்ளையின் கேபிள்களை எடுத்துப் புதியதில் செருகுவதும் கூடாது. கழற்றி மாட்டும் முனையில் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், செருகினால் பொருந்தும், கார்டு போய்விடும்.

ரைசர்கள் ஆறும் மாற்றப்பட்டன. புதியவற்றில் 6 பின் பவர் வாய் இருந்தது. அதில் பவர் சப்ளையின் பிசிஐ கேபிள் நேராக மாட்டப்பட்டது, ஒரு கேபிளுக்கு இரண்டு ரைசருக்கு மேல் இல்லை. சாட்டாவிலிருந்து 6 பின்னாக மாற்றும் துண்டு வயர்கள் ரைசரோடு இலவசமாக வரும். அவை அன்றே குப்பைக்குப் போயின.

புதிய பவர் சப்ளையும் ரைசரும் போட்ட பிறகு, வேறு எதையும் மாற்றாமல் அதே அறையில், புதிதாக எர்த்தோடு இழுத்த 2.5 சதுர மில்லிமீட்டர் வயரிலும் 16 ஆம்பியர் சாக்கெட்டிலும் சில நாள் ஓடவிட்டார்கள். 172 வோல்ட்டிலும் மெஷின் நிற்கவில்லை. காரணம் உறுதியான பிறகுதான் சாஃப்ட்வேர் பக்கம் போனார்கள்.

மெஷினை எங்கே வைப்பது என்பது அடுத்தது. பக்கத்து வயல்காரர், "மாமா போர் ஷெட்லயே வச்சிக்க தம்பி, கரண்ட் சும்மாதானே" என்று நல்லெண்ணத்தில் சொன்னார். விவசாயத்துக்கு இலவசமாகத் தரும் மின்சாரத்தில் இதை ஓட்டுவது திருட்டுக்குச் சமம். மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆம் பிரிவு, ஒரு காரியத்துக்குத் தந்த இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதை அனுமதியற்ற பயன்பாடு என்றே சொல்கிறது. மாட்டினால் வயல்காரரின் இணைப்புக்கும் ஆபத்து. வீட்டு இணைப்பில் வருமானத்துக்காக ஓட்டுவதும் அதே பிரிவில்தான் வரும். ஆகவே வணிக இணைப்பு உள்ள கடையின் பின்னறைக்கு மெஷின் போனது. யூனிட்டுக்கு அப்போது வீட்டில் மேல் அடுக்கு 6.60 ரூபாய், கடையில் 8.05 ரூபாய். கூடுதல்தான், ஆனாலும் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

சாஃப்ட்வேரைப் புதிதாக அமைத்த வரிசை

எஸ்எஸ்டி முழுவதும் அழிக்கப்பட்டது. எங்கிருந்தோ இறக்கிய மைனர் அதில் ஓடியிருந்ததால் இது தவிர்க்க முடியாதது. காப்பி செய்யும் வாலட் முகவரியை நடுவில் மாற்றிவிடும் நிரல்கள் இப்படிப்பட்ட ஜிப்களில்தான் வரும். அந்த மெஷினில் தட்டிய பாஸ்வேர்டுகள் எல்லாம் வேறு போனிலிருந்து மாற்றப்பட்டன.

மதர்போர்டு பயாஸில் செய்தவை: பல கார்டுகள் ஒன்றாகத் தெரிய உதவும் 'அபவ் 4ஜி டீகோடிங்' ஆன். இது ஆஃபில் இருந்தது; முதலில் நான்கு கார்டோடு நின்றதில் இதற்கும் பங்கு இருக்கலாம். விற்றவரிடம் ஆனில் இருந்து, வழியில் போர்டின் பேட்டரி கழன்று பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். கார்டும் போர்டும் பேசும் பிசிஐ வேகம், மிகக் குறைந்த படியான ஜென் 1. முதல் டிஸ்ப்ளே பிராசசரின் உள் கிராபிக்ஸ், மானிட்டர் கேபிள் போர்டிலேயே. கரண்ட் போய் வந்தால் தானாகத் துவங்கும் அமைப்பு ஆன்.

விண்டோஸை ஒரு கார்டும் மாட்டாமல் ஏற்றினார்கள், இணையக் கேபிளையும் கழற்றிவிட்டு. இணையம் இருந்தால் விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரை இழுத்துவந்து போட்டுவிடும். அதன் மேல் வேறொன்றை ஏற்றினால் குழப்பம். பிறகு விர்ச்சுவல் மெமரி, அதாவது ராம் போதாதபோது எஸ்எஸ்டியில் ஒதுக்கும் இடம்: கையால் 60,000 எம்பி, குறைந்தபட்சம் அதிகபட்சம் இரண்டும் அதே எண். எல்லாக் கார்டுகளின் மெமரியையும் கூட்டினால் வருவது 44 ஜிபி. அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட வேண்டும். 8 ஜிபி ராம் உள்ள மெஷினில் இதைத் தானியங்கியாக விட்டால் நான்காவது ஐந்தாவது கார்டில் டாக் ஏறும்போது மைனர் விழும், பிழைச் செய்தியோ கார்டின் மேல் பழி போடும்.

அடுத்து ஒரு கார்டை மட்டும் ரைசர் இல்லாமல் நேராகப் பெரிய ஸ்லாட்டில் செருகி டிரைவர் ஏற்றினார்கள். திருத்திய பயாஸ் இருந்த இரண்டு கார்டுகளுக்கும் அசல் பயாஸே திரும்ப எழுதப்பட்டது. டிரைவரை ஏமாற்றும் பேட்சர் ஒன்று பலரும் பயன்படுத்துவது. ஆனால் ஒவ்வொரு டிரைவர் மாற்றத்துக்குப் பிறகும் அதை ஓட்ட வேண்டும், மறந்தால் மறுபடி கோட் 43. எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க ஆளில்லாத மெஷினுக்கு அது சரிவராது. ஓரிரு மெகாஹேஷ் குறைந்தாலும் பரவாயில்லை என்று உரிமையாளர் ஒத்துக்கொண்டார். பிறகு ரைசரில் ஒவ்வொரு கார்டாகச் சேர்த்து, சேர்த்த ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட் மோட் மாற்றி, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டே அடுத்தது.

மைனர் டீம்ரெட்மைனர், அதை எழுதியவர்களின் கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும். இறக்கியதும், ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் எஸ்எச்ஏ-256 எண்ணை விண்டோஸில் உள்ள சர்ட்யூட்டில் கட்டளையால் எடுத்து, வெளியிட்டவர்கள் தந்த எண்ணோடு ஒப்பிட்டார்கள். டிஃபெண்டரை மொத்தமாக அணைக்கவில்லை. மைனர் இருக்கும் ஒரே ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு. வாலட் முகவரியின் முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்துகளை பூல் பக்கத்தில் உரிமையாளரே வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார்.

கார்டுகளுக்கு வைத்த அளவு: கோர் 1,150 மெகாஹெர்ட்ஸ், 875 மில்லிவோல்ட், மெமரி 2,050 மெகாஹெர்ட்ஸ். முதலில் 2,150 வைத்தபோது, கார்டின் நிலையைக் காட்டும் எச்டபிள்யு இன்ஃபோ நிரலில் மெமரி பிழை எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் ஏறியது. ஹேஷ் வேகம் திரையில் அழகாகத் தெரியும், பூலோ அந்தத் தவறான விடைகளை நிராகரிக்கும். பிழை எண்ணிக்கை பூஜ்யத்தில் நிற்கும் வரை 25, 25 ஆகக் குறைத்தார்கள்.

4 ஜிபி கார்டைத் திருப்பித் தர முடியவில்லை. அதற்கு எத்தீரியம் கிளாசிக் என்ற வேறொரு நாணயம். 2020 நவம்பர் மாற்றத்துக்குப் பிறகு அதன் டாக் சிறியது, அந்தச் சமயம் 2.9 ஜிபி அளவில் இருந்தது. அந்த ஒரு கார்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் இரண்டாவது பேட்ச் ஃபைல் எழுதப்பட்டது. கரண்ட் வந்ததும் இரண்டு மைனரும் ஒரே நேரத்தில் துவங்கி மூச்சுமுட்டாமல் இருக்க, முதலாவது 60 விநாடி, இரண்டாவது 180 விநாடி தாமதம்.

அதன் பிறகு

மார்ச் முதல் வாரத்திலிருந்து மெஷின் கடையில் ஓடியது. சுவரில் 850 வாட், ஈத்தருக்கு 148 மெகாஹேஷ். கரண்ட் போய் வந்தபோதெல்லாம் ஆள் தொடாமல் தானாக எழுந்தது. ஏப்ரலில் இரண்டு கார்டுகள் சூடேறி வேகம் குறைந்தன. கழற்றியதில் ஹீட்சிங்க் துடுப்புகளுக்கு இடையில் அறுவடைத் தூசியும் வைக்கோல் துகளும் அடைத்திருந்தன. வீட்டு அறையில் இருந்தபோது சேர்ந்தவை. பிளோயரால் ஊதி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, ரைசர் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்ததோடு சரியானது. பின்னறையின் மேல் ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், உள்ளே காற்று வரும் பக்கம் கொசுவலை.

மெஷின் சரியானதே தவிர, காலம் சரியில்லை. 148 மெகாஹேஷுக்கு நாளுக்கு 0.002 ஈத்தர் அளவில் வந்தது. பிப்ரவரி விலையில் அது 400 ரூபாய்க்கு மேல். நாளுக்கு 20.4 யூனிட், 8.05 வீதம் 164 ரூபாய் மின்செலவு. இரண்டு மாத பில் நிலைக் கட்டணம் நீங்கலாக 9,850 ரூபாய்க்கு அருகில். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ வருமானத்துக்கு 30 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. மைனிங் கருவிக்கும் கட்டமைப்புக்கும் செய்யும் செலவைக் கழிக்க முடியாது என்று மார்ச்சிலேயே நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொல்லியிருந்தது. ஜூலை 1 முதல் விற்பனையில் 1 சதவீத வரிப் பிடித்தமும் சேர்ந்தது. இவற்றைப் பார்த்து, பூலிலிருந்து வந்த ஒவ்வொரு தொகையையும் தேதி, அன்றைய ரூபாய் மதிப்போடு உரிமையாளர் நோட்டில் எழுதிவந்தார்.

மே 24 அன்று மேட்டூர் அணை திறந்தது, குறுவை வேலை மும்முரமானது. அதே மாதங்களில் ஈத்தர் விலை சரிந்தது. ஜூன் 18 அன்று 1,000 டாலருக்கும் கீழே போனது. நாள் வருமானமும் மின்செலவும் ஒன்றாகிவிட்ட அந்த வாரத்தில் மெஷின் நிறுத்தப்பட்டது. செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்டது. அதற்குள் பழைய கார்டுகளின் விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. இரண்டு கார்டுகள் கடையின் டிசைன் கம்ப்யூட்டர்களில் இப்போது ஃபிளெக்ஸ் வேலைக்கு இருக்கின்றன, மற்றவை கிடைத்த விலைக்குப் போயின. பவர் சப்ளைகள் இரண்டும் நல்ல விலை பெற்றன. போட்ட பணம் முழுவதும் திரும்பவில்லை.

இப்படியொரு மெஷின் மறுபடி வந்தால் மாற்ற வேண்டியவை

வாங்கும் இடத்திலேயே ஒவ்வொரு கார்டையும் ஜிபியு-ஸீயில் பார்த்து, மெமரி அளவையும் பயாஸ் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். பவர் சப்ளையின் உள்ளீட்டு வோல்ட் சீட்டையும் அதே நேரத்தில். கிராமத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால், வைக்கப்போகும் அறையின் வோல்ட்டை, போர்செட் ஓடும் நேரம் உட்பட, ஒரு வாரம் முன்பே எழுதிவைப்பது நல்லது. அந்தக் குறிப்பு கையில் இருந்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

விற்றவர் ஏற்றித் தந்த எஸ்எஸ்டியையோ பேட்ச் ஃபைலையோ ஒருநாளும் அப்படியே ஓட்டக் கூடாது. விண்டோஸுக்குப் பதில் ஹைவ்ஓஎஸ் போன்ற மைனிங்குக்கென்றே உள்ள லினக்ஸ் அமைப்பை இந்த முறை பரிந்துரைக்காததற்குக் காரணம், உரிமையாளருக்கு லினக்ஸ் பழக்கமில்லை என்பதுதான். ஆனால் ஒரே வகைக் கார்டுகள் மட்டும் இருக்கும் மெஷினில் விர்ச்சுவல் மெமரி, கம்ப்யூட் மோட், டிஃபெண்டர் ஆகிய மூன்று தொல்லையும் அதில் இல்லை. அடுத்தவருக்கு அதையே போட்டு, போனிலிருந்து பார்க்கும் விதத்தை அரைநாள் உட்கார்ந்து சொல்லித் தரலாம்.

நிறுத்தும் கணக்கையும் முதல் நாளே எழுதிவைக்க வேண்டும்: இந்த மெஷினுக்கு, 2022 நிலவரத்தில், ஈத்தர் ரூபாய் மதிப்பில் 82,000-க்கு வந்தால் வருமானம் மின்செலவுக்கே சரியாகிவிடும் என்று இருந்தது. வரியைச் சேர்த்தால் அந்த எண் 1,17,000-க்கு மேல் போனது. உரிமையாளர் ஜூனில் நிறுத்தினார். இந்த இரண்டாவது எண்ணை வைத்துப் பார்த்திருந்தால் விலை சரியத் தொடங்கிய போதே நிறுத்தி, கார்டுகளுக்கு இன்னும் விலை இருந்தபோது விற்றிருக்கலாம்.